மூன்று குமிழ், ஒரு மரச்சட்டம்: தண்ணியில் வேர்விட வைக்கும் கண்ணாடித் தொகுதி

மூன்று கண்ணாடிக் குமிழ்கள், அவற்றைக் கழுத்தில் பிடித்துத் தொங்கவிடும் ஒரு மரச்சட்டம். பொருள் அவ்வளவுதான். பரிசுப்பொருள் கடைகளிலும் இணையவழியிலும் வாங்கக்கூடிய இந்தத் தொகுதியில் மணி பிளான்ட் கொடியொன்றை நறுக்கிப் போட்டு யன்னலோரம் வைத்தால், வெள்ளை வேர் நாளுக்கு நாள் நீளுவதைக் கண்ணால் பார்க்கலாம். அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியையும் வெக்கையையும் நுளம்பையும் நினைத்துச் செய்த பொருள் இதல்ல. வேர் வந்து நடும் அளவுக்கு நீளும்வரை மூன்று நான்கு கிழமைக்கு இது நல்ல தொட்டில். செடியை வருடக்கணக்கில் குடிவைக்க உதவாது. குமிழுக்குப் பதிலாக நேரான கண்ணாடிக் குழாய் வைத்த தொகுதி கிடைத்தால் அதையே எடுங்கள். காரணம் கீழே.

வேலிக்குக் கதியால் போட்டுப் பழகிய ஊருக்குத் தடியிலிருந்து மரம் வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிளுவைக் கதியாலைத் தலைகீழாக ஊன்றினால் சரிவராது என்பதும் தெரிந்ததே. ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் நுனியிலிருந்து அடி நோக்கி இறங்கி வெட்டுவாயில் சேருவதால் வேர் அங்கேதான் புறப்படுகிறது. குமிழில் போடும் கொடிக்கும் அதே விதி. நீண்ட கொடியைப் பல துண்டாக நறுக்கும்போது எது அடி, எது நுனி என்று குழம்புவது சாதாரணம். நறுக்கும்போதே அடிப்பக்கத்தைச் சரிவாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டினால் பிறகு தேட வேண்டியதில்லை.

துண்டின் நீளம் 10 முதல் 15 சென்ரிமீற்றர், அதில் இரண்டு அல்லது மூன்று கணு. கூரான பிளேட்டால் கணுவுக்கு 1 சென்ரிமீற்றர் கீழே வெட்ட வேண்டும். மொட்டைக் கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடமே முதலில் அழுகும். மணி பிளான்டின் கணுவில் கபில நிறத்தில் ஒரு சிறு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் வேரின் பிறப்பிடம், அது தண்ணிக்குள் இருக்க வேண்டும். தண்ணிக்குள் போகும் இலையை மட்டும் அடியோடு கிள்ளிவிடுங்கள். கணுவில்லாமல் இலைக்காம்போடு வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், சிலவேளை வேரும் விடும், ஆனால் புதுத் தளிர் ஒருநாளும் வராது. ‘என்ர கொடி வளருதில்லை’ என்று சொல்பவர்களின் போத்தலை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கணுவில்லாத இலைதான் நிற்கும்.

எங்கள் வெக்கை இந்த வேலைக்கு வாய்ப்பானது. குளிர் நாடுகளில் கிழமைக்கணக்கில் பார்த்திருக்க வேண்டிய முதல் வேர் இங்கே ஏழு முதல் பதினான்கு நாளில் வந்துவிடும். அதே வெக்கைதான் கெடுதலும் செய்கிறது. 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணியில் 9 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் கரையும், 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வேர் மூச்சுவிட அந்த ஒட்சிசன் வேண்டும். அது குறைந்த தண்ணியில் அழுகலை உண்டாக்கும் பற்றீரியாவுக்கு வாசி. நாங்கள் பார்த்த குமிழ் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர்தான் கொள்ளும், வாயோ இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுத்தான் கூட. தண்ணி கொஞ்சம், காற்றுப் படும் பரப்பு அதைவிடக் கொஞ்சம். ஆகவே மூன்று நாளைக்கொரு முறை, தவறினால் ஐந்தாம் நாளிலாவது தண்ணியை முழுதாக மாற்ற வேண்டும். குறைந்ததை மேலால் நிரப்பிவிட்டுப் போவது போதாது, பழைய தண்ணியின் கேடு அப்படியே கிடக்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் யன்னலோரத்தில் தண்ணி வெகு கெதியில் வற்றும். கணு வெளியே தெரிந்தால் அப்போதுதான் வந்த இளவேர் ஒரே பகலில் கருகிவிடும்.

இனி நுளம்பு. தெளிந்த நீர் தேங்கிய சிறிய பாத்திரம் என்றால் ஏடிஸ் நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? எங்கள் வெப்பத்தில் முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாடைக்காற்றோடு மாரிமழை வரும் ஒக்ரோபர் முதல் சனவரி வரை யாழ்ப்பாணத்தில் டெங்கு தலைதூக்கும் காலம். நுளம்பு பெருக இடம் வைப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சாடித் தட்டைப் பார்ப்பதுபோல இதையும் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். தண்டைச் சுற்றி வாயில் மிஞ்சும் இடைவெளியைப் பஞ்சாலோ நுளம்பு வலைத் துண்டாலோ தளர்வாக அடையுங்கள், காற்றுப் போகட்டும். ‘எங்கட கிணறு சவர், நுளம்பு வராது’ என்று தீவகத்தில் இருப்பவர்கள் நம்பியிருக்க வேண்டாம். குடாநாட்டில் சவர்த் தண்ணியிலும் ஏடிஸ் பெருகுவதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

குமிழின் பெரிய குறை இங்கேதான் வெளிப்படுகிறது. ஏடிஸ் முட்டையைத் தண்ணிக்குள் விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணியை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஒடுங்கிய கழுத்தும் அகன்ற வயிறுமான குமிழுக்குள் சாதாரணப் போத்தல் பிரஷ் நுழைந்தாலும் தோள் வளைவைத் தொடாது. ஒரு கரண்டி அரிசியையும் கொஞ்சத் தண்ணியையும் உள்ளே விட்டு நன்றாகக் குலுக்கிக் கழுவலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? நேர்க்குழாயில் இந்தத் தொல்லையே இல்லை, பிரஷ் அடிவரை போய் வரும்.

தண்ணி விஷயத்துக்கு வருவோம். யாழ். குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் நீர். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, கல்சியம் காபனேற்று, குமிழின் நீர்மட்டத்தில் வளையமாக ஏறும். செடிக்கு அதனால் பெரிய கேடில்லை, கண்ணாடிக்குத்தான் கேடு. அரைத் தேசிக்காயின் புளியைத் தண்ணியோடு கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டால் கரைந்துவிடும், வினாகிரியும் அப்படியே. கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணியில் சுண்ணாம்பின் ஒரு பங்கு முன்னரே படிந்துபோவதால் வளையம் குறையும். கொதித்த தண்ணியில் காற்றும் வெளியேறிவிடும் என்பதால், இரண்டு பாத்திரத்துக்கிடையில் தேத்தண்ணி ஆற்றுவதுபோல நாலு தடவை ஆற்றிவிட்டு ஊற்றுங்கள். சவரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை, உப்புப் போகாது, தண்ணி வற்ற உப்புக் கூடும். சவர்ப் பகுதிக்காரருக்கு மழைத்தண்ணியோ வடிகட்டி விற்கும் குடிநீரோதான் வழி. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றுக் கூடுதலாக இருப்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அது கொடிக்கு உணவுதான், ஆனால் பாசிக்கும் அதே உணவு.

பாசிக்கு வேண்டிய மற்றது வெளிச்சம். தெளிந்த கண்ணாடி அதைத் தாராளமாகக் கொடுக்கிறது. இளம் பாசி வேரைக் கொல்லாது. ஆனால் இரவில் ஒட்சிசனை அதுவும் உறிஞ்சும், செத்தபின் அழுகும், வேர் வழுவழுக்கும். நேர்வெயில் படாத, வாசிக்கப் போதிய வெளிச்சமுள்ள இடம் சரி. மேற்கு யன்னல் வேண்டாம், பின்னேர வெயிலில் 150 மில்லிலீற்றர் தண்ணி சூடேற நேரம் எடுக்காது. உண்மையைச் சொன்னால், வெறும் வேருக்காக என்றால் குசினியில் கிடக்கும் அகன்ற வாய் ஜாம் போத்தலைச் சுற்றிக் கபிலக் கடதாசி ஒட்டி வைப்பது இந்தத் தொகுதியைவிட நன்றாக வேலை செய்யும். விலை கொடுப்பது பார்ப்பதற்காகத்தான்.

எல்லாச் செடியும் இதற்கு ஒத்துவராது. மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடென்ட்ரன், கோலியஸ், டிரடெஸ்கான்ஷியா ஆகியவை தோல்வியில்லாதவை. துளசியும் வேர்விடும், பூக்காத இளங்கொப்பாக எடுக்க வேண்டும். செவ்வரத்தை வரும், ஆனால் ஆறுதலாகத்தான் வரும். போகன்வில்லாவைத் தண்ணியில் வைத்து மினக்கெட வேண்டாம், மண்ணிலேயே ஊன்றுங்கள். டிபன்பேக்கியா நன்றாக வேர்விடும், ஆனால் அதன் சாற்றிலுள்ள கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் கையில் கடிக்கும், வாயில் பட்டால் நாக்கு வீங்கும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கக்கூடாது. மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்டின் இலையை நறுக்கிப் போட்டால் கரையில்லாத பச்சைக் கன்றுதான் கிடைக்கும். கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். ‘லக்கி பம்பூ’ மூங்கிலே அல்ல, டிரசீனா இனம். அதன் இலைநுனி கருகினால் குழாய்த் தண்ணியின் குளோரீன், புளோரைட்டு இரண்டையும் சந்தேகியுங்கள். குளோரீன் ஓர் இரவு திறந்துவைத்தால் போய்விடும், புளோரைட்டு அப்படிப் போகாது.

வெட்டுவாய் கபிலமாகி, தண்ணி கலங்கி, கூழ்முட்டை மணம் வந்தால் பயப்படத் தேவையில்லை. தண்டு உறுதியாக இருக்கும் இடம்வரை மேலேறி, கறுப்புக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலே வெட்டி, குமிழைக் கழுவிப் புதுத்தண்ணியில் வையுங்கள். கரித்துண்டு போடுவது மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், அழுகலை நிறுத்தாது. வேர்விடும் ஓமோன் தூள் மண்ணுக்காகச் செய்தது, தண்ணியில் கழுவுப்பட்டுப் போகும், காசு வீண். வேர் வருமுன் உரம் வேண்டவே வேண்டாம். வேர் வந்தபின்னும் சில கிழமை வைத்திருக்க நினைத்தால், அல்பேட் போன்ற கரையும் உரத்தைப் பொதியில் சொன்ன அளவில் காற்பங்கு மட்டும், மாதம் ஒருமுறை.

வேர் 3 முதல் 5 சென்ரிமீற்றர் ஆனதும் எடுத்துவிடுங்கள். இன்னும் நீளட்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டு நட்டம். தண்ணியில் வளர்ந்த வேருக்கு வேர்மயிர் குறைவு, உள்ளே காற்றிடம் கூட, எனவே நீள நீள மண்ணுக்குப் பழகுவது கடினம். மற்றது, குமிழுக்குள் சுருண்டு பந்தாகிய வேர் கழுத்தால் வெளியே வராது, இழுத்தால் அறும். நடுவதற்குத் தும்புச்சோறு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. 10 சென்ரிமீற்றர்ச் சாடியில் மூன்று துண்டுகளைச் சேர்த்து நட்டால் செடி நிறைவாகத் தெரியும். முதல் பத்து நாள் கலவை காயக்கூடாது, அதன்பின் மெல்ல மெல்லத் தண்ணியைக் குறைக்கலாம்.

மரச்சட்டம் பார்க்க உறுதிதான், ஆனால் மூன்று குமிழிலும் கொடி ஒரே பக்கம் தொங்கினால் சாயும். நடுக்கொடியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். தண்ணி மாற்றும்போது சிந்துவது துளையோரத்தில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும், உடனே துடைத்து நிழலில் காயவிட வேண்டும். நிலத்தில் வைத்தால் கறையான் ஏறும். கடையில் வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: குமிழை ஆணி கழற்றாமல் தூக்கி எடுக்கமுடிகிறதா, வாய்க்குள் பால்போத்தல் பிரஷ் போகிறதா, உடைந்தால் தனிக் குமிழ் தருவார்களா. குமிழுக்குத் தனியாக மாற்றுக் கிடைப்பது அரிது, ஒன்று உடைந்தால் சட்டத்தில் ஓட்டைதான் மிஞ்சும். குழாய்த் தொகுதி என்றால் ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடையில் அதே விட்டமுள்ள சோதனைக்குழாயை வாங்கிப் பொருத்தலாம். போகும்போது உடையாத ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு ஒத்துப் பாருங்கள்.