முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சி: அட்டவணைத் தெளிப்பா, குளவியா?

நீலகிரியில் முட்டைக்கோஸ் பயிரிடுவோர், புழுப் பருவத்தில் இலையைத் தின்னும் வைரமுதுகுப் பூச்சி என்ற அந்துப்பூச்சியைச் சமாளிக்க இரண்டு வழிகள் உள்ளன. புழு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல் மருந்து அடிப்பது ஒன்று. புழுவை எண்ணிப் பார்த்து, அதன் இயற்கை எதிரியான டயடெக்மா குளவியைக் காப்பாற்றிக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் பி.டி. எனப்படும் நுண்ணுயிர் மருந்தைத் தெளிப்பது மற்றொன்று. கோத்தகிரிப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்தில் முதல் வழியை விட்டு இரண்டாவதற்கு வந்துவிட்டோம் என்பதால், என் பேச்சு அதன் பக்கமே சாயும்.

அட்டவணைத் தெளிப்பு எளிது. புழுவை அடையாளம் காணத் தெரியாதவரும் செய்யலாம். மருந்து வேலை செய்யும்வரை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டையில்லாத கோஸ் போகும். செலவும் நஞ்சும் எல்லோரும் அறிந்தவை.

நான் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு வழியும் அடுத்த போகத்துக்கு எதை விட்டுச் செல்கிறது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. மிதமான குளிரில் இந்தப் பூச்சி ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். பாசனத்தில் விளையும் நீர்போகம், மழையில் விளையும் கார்போகம், அதற்குப் பிந்திய கடைபோகம் என்று மலையில் எங்கேனும் கோஸ் நின்றுகொண்டே இருப்பதால் அதற்கு உணவு அற்றுப்போவதில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது அதைத் தாங்கிப் பிழைத்த புழுக்களின் சந்ததியே அடுத்த பயிரில் ஏறுகிறது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு இப்பூச்சி பணியவில்லை என்று ஜாவாவிலிருந்து 1953-லேயே எழுதிவிட்டார்கள். பி.டி.யும் விலக்கல்ல: அதை ஓயாமல் தெளித்த ஹவாய்த் தோட்டங்களில் புழு அதையும் எதிர்த்து நின்றது 1990-ல் பதிவானது. ஆகவே மருந்தை மாற்றுவது மட்டும் தீர்வாகாது, தெளிப்பின் எண்ணிக்கையே குறைய வேண்டும். குளவி இல்லாமல் அது குறையாது.

1990-களில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் இந்த மலையில் விடப்பட்டு நிலைத்த டயடெக்மா, புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது. புழு கூடு கட்டும்வரை உயிரோடிருக்கும். பிறகு அதன் கூட்டுக்குள்ளேயே குளவி தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும். இலையின் அடிப்புறத்தில் மெல்லிய வலைக்குள் இளம்பச்சையாகக் கூம்பிய கூட்டுப்புழு தெரிந்தால் அது அந்துப்பூச்சி. இருமுனையும் மழுங்கிய பழுப்பு உருளை தெரிந்தால் அது குளவி. வாரம் ஒருமுறை வயலைக் குறுக்காக நடந்து செடிகளைப் புரட்டிப் பார்க்கும் இந்த வேலைதான் இம்முறையின் முழுப் பராமரிப்பு. சோம்பினால் முறையே குலையும். செடிக்குச் சராசரியாக இரண்டு புழுவுக்கு மேல் கண்டால், அதிலும் தலை திரளும் பருவத்தில், பி.டி.யை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிக்கிறோம். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும். கோஸ் இலையின் மெழுகில் நீர் நிற்காதாகையால் ஒட்டுதிரவம் சேர்த்து, இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும். வளர்ந்த குளவிக்கு இது தீங்கு செய்வதில்லை. அட்டவணையில் அடிக்கும் பல மருந்துகள் புழுவுக்கு முன் குளவியைத்தான் கொல்கின்றன.

25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு விதைத்து அந்துப்பூச்சியை அங்கே இழுக்கும் முறையும் பரிந்துரையில் உள்ளது. முதல் கடுகு வரிசையை நடவுக்கு 15 நாள் முன்பே விதைக்க வேண்டும். எங்கள் சிறு நிலத்தில் அதற்கு இடம் ஒதுக்கித் தொடர்ந்து செய்யவில்லை என்பதால், அதைப் பற்றி உறுதியாகச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. ஓரத்தில் பூக்கவிட்ட கொத்தமல்லியில் குளவிகள் தேன் உண்ண வருவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குளவி குளிரை விரும்புவது. 25 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் நீடிக்கும் அடிவாரச் சரிவுகளில் இதை நம்பி இறங்க வேண்டாம். புழு மிகுவதும் மழையில்லாத மாதங்களில்தான் என்பதால், முறை மாற விரும்புவோர் நீர்போகத்தில் தொடங்காமல், சிறு புழுக்களை மழையே கழுவித் தள்ளும் கார்போகத்தில் தொடங்குவது நல்லது. அதற்கு முன் அண்டைத் தோட்டக்காரரிடம் பேசி, அவர் அடிக்கும் மருந்து காற்றில் நம் வரிசைகளுக்கு வராதபடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.