தமிழ் எழுத்துருக்களும் ஒரு தொகுப்பு மென்பொருளும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

அச்சகம் ஒன்றை மூடியபோது அங்கிருந்த பழைய கணினியின் வன்தட்டை வாங்கி வந்த நண்பர் ஒருவர், அதில் கொட்டிக் கிடக்கும் எழுத்துருக்களை வீட்டுக் கணினியில் ஒழுங்குபடுத்த எந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார். கோயில் அழைப்பிதழ்கள், ஆண்டு மலர்கள், சிறு நூல்கள் என்று வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்புச் செய்துவரும் நான், எழுத்துருக்களைத் தொகுத்து வைத்து வேண்டும்போது எடுத்துத் தரும், விண்டோஸுக்கான இலவசத் தொகுப்பு மென்பொருள் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன் என்பது அவருக்குத் தெரியும். தொலைபேசியில் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன். மென்பொருளின் பெயரை அவரிடம் சொல்லிவிட்டேன். இங்கே அதைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதன்று என்பதே காரணம்.

முதலில் அதன் நிறையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரியது. எழுத்துருவை விண்டோஸில் நிறுவினால் அது எல்லா மென்பொருள்களின் பட்டியலிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை திருவிழா அழைப்பிதழில் மட்டும் தேவைப்படும் அலங்கார எழுத்தும் அன்றாடம் புழங்கும் எழுத்தும் ஒரே வரிசையில் நிற்கும். தொகுப்பு மென்பொருளோ எழுத்துருக்களை நிறுவாமலேயே தற்காலிகமாக இயக்கிக் கொடுக்கிறது. ஒரு வேலைக்கு வேண்டியவற்றை ஒரு தொகுதியாகச் சேர்த்து வைத்து, அந்த வேலையைத் தொடங்கும்போது அதை மட்டும் இயக்கினால், பக்க வடிவமைப்பு மென்பொருளின் பட்டியலில் அவை மட்டும் கூடுதலாகத் தெரியும். தொகுப்பு மென்பொருளை மூடினால் அவை பட்டியலிலிருந்து நீங்கிவிடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறிமுறையான யூனிகோடை அறியாத, பக்க வடிவமைப்புக்கான பழைய பேஜ்மேக்கர் 7.0 இன்னும் நம் அச்சகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வரும் கோப்பைத் திறக்க அந்த அச்சகத்தின் எழுத்துருக்கள் சில மணி நேரத்துக்கு மட்டும் தேவைப்படும். அத்தகைய நாள்களில் இந்த வசதியின் அருமை தெரியும். தொகுப்பு மென்பொருளை முதலில் திறந்துவிட்டு, அதன் பிறகுதான் வடிவமைப்புக் கோப்பைத் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கை மட்டும் கைவிடக் கூடாது. வரிசை மாறினால் எழுத்துரு இல்லை என்ற எச்சரிக்கை வந்து, பக்கம் வேறோர் எழுத்தில் திறந்துகொள்ளும்.

இரண்டாவது நிறை, இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் வசதி. எழுத்துருக் கோப்புக்கு வெளியே தெரியும் பெயர் வேறு, உள்ளே பதியப்பட்டிருக்கும் பெயர் வேறு. விண்டோஸும் வடிவமைப்பு மென்பொருள்களும் பார்ப்பது உள்பெயரைத்தான். கை மாறிக் கை மாறி வந்த பழைய தமிழ் எழுத்துருக்களில், கோப்புப் பெயர் மாறி உள்பெயர் மாறாமல் இருப்பவை ஏராளம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், ஒரே உள்பெயர் கொண்ட இரண்டு கோப்புகள் என்னிடம் இருந்தன. இரண்டையும் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தபோது வடிவத்தில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்றில் 'ண'வின் அகலம் மற்றதைவிடச் சற்றுக் கூடுதல். வேறுபாடு அவ்வளவுதான். அந்தச் சிறிய அகல வேறுபாடு, மலரின் ஒரு கட்டுரையில் வரி உடையும் இடங்களையெல்லாம் நகர்த்தி, கடைசி வரியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளியிருந்தது. இரட்டைப் பதிவுகளின் பட்டியல் இல்லாமல் காரணத்தைத் தேடியிருந்தால் எழுத்துருவின் மேல் ஐயமே எழுந்திருக்காது.

இனிக் குறைக்கு வருகிறேன். பயன்படுத்தத் தொடங்கிய முதல் வாரத்தில் கண்ணில் பட்ட இந்தக் குறை, எத்தனையோ புதுப்பிப்புகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது: எழுத்துரு எப்படி இருக்கும் என்று அது காட்டும் முன்னோட்டத்தை நம்ப முடியாது.

ஆங்கில எழுத்துருக்களோடு மட்டும் வேலை செய்பவர்கள் இதை உணரவே மாட்டார்கள். தமிழில் 'எழுத்துரு' என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் கோப்புகளுக்குள் பல குறியாக்கங்கள், அதாவது எந்த எண்ணிட்ட இடத்தில் எந்த எழுத்து என்ற வெவ்வேறு ஒழுங்குகள், இருக்கின்றன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பெரிதும் பரவிய பாமினியில், ஆங்கிலச் சிறிய எம் இருக்க வேண்டிய இடத்தில் 'அ' இருக்கும்; கணினியைப் பொறுத்தவரை அது ஓர் ஆங்கில எழுத்துருதான். திஸ்கி என்ற குறியாக்கமும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாப் குறியாக்கமும் ஆங்கில எழுத்துகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவிட்டு, 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்தன. யூனிகோடோ தமிழுக்கென்று தனியாக 128 இடங்கள் கொண்ட பகுதியை ஒதுக்கி, அதில் 72 இடங்களில் குறிகளை அமைத்திருக்கிறது. ஆக, நான் முன்னோட்டப் பெட்டியில் யூனிகோடில் 'அருள்மிகு' என்று தட்டினால், அதைத் தன் சொந்த வடிவில் காட்டக்கூடியவை யூனிகோடு தமிழ் எழுத்துருக்கள் மட்டுமே. பாமினிக்கும் திஸ்கிக்கும் டாப்புக்கும் அந்த இடங்களில் எழுத்தே கிடையாது.

எழுத்து இல்லையென்றால் வெற்றிடமோ கட்டமோதான் தெரிய வேண்டும். தெரிவதோ அழகான 'அருள்மிகு'. எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால், அந்த எழுத்தைக் கொண்ட வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது விண்டோஸின் இயல்பு. விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு அப்படிக் கடன் கொடுப்பது விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ என்ற எழுத்துரு. அதற்கு முன்பு லதா. தொகுப்பு மென்பொருள் தானாக எதையும் சரிபார்க்காமல், எழுத்தை வரையும் வேலையை அப்படியே விண்டோஸிடம் விட்டுவிடுகிறது. அதனால் பட்டியலில் உள்ள பழைய தமிழ் எழுத்துருக்கள் அத்தனையும், தமிழே இல்லாத ஆங்கில எழுத்துருக்களும் கூட, ஒரே நிர்மலாவின் முகத்தோடு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலைமேலும் ஒரு தனிப் பெயர் எழுதியிருக்கும்.

சென்ற மாதம் குடமுழுக்கு அழைப்பிதழுக்காக விழாக்குழுப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தலைப்புக்கு எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டியல் மேலே ஏற ஏற, அவர் முகத்தில் குழப்பம் கூடிக்கொண்டே போனது. "எல்லாம் ஒரே எழுத்தாத்தானே இருக்கு, தம்பி? பேரு மட்டும்தான் வேற வேறயா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, இது காட்டுறது அந்த எழுத்தே இல்லை" என்று நான் விளக்கத் தொடங்கியபோது, கணினியில் ஏதோ பழுது என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல், அவர் விரும்பக்கூடிய சில எழுத்துகளை ஒவ்வொன்றாக வடிவமைப்பு மென்பொருளில் தட்டி, தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தேன். எழுத்துருக்களை நிறுவாமலேயே பார்த்துத் தேர்வு செய்வதற்காக உருவாக்கப்பட்ட மென்பொருள் திறந்திருக்கும்போது, அந்தத் தேர்வைத் தாளில் செய்ய வேண்டியிருப்பது எனக்குப் பெரும் எரிச்சலாக இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கடன் வாங்கிக் காட்டும் முறை தவறானதன்று. உலாவியில் தமிழ் படிக்கிறோம், மின்னஞ்சலில் தமிழ் வருகிறது; அந்த இடங்களில் எழுத்துரு பொருந்தாவிட்டாலும் கட்டங்கள் தெரியாமல் தமிழே தெரிவதற்கு இந்த முறைதான் காரணம். படிக்கும் இடத்தில் அது பேருதவி. ஆனால் எழுத்துருவின் வடிவத்தைக் காட்டுவதற்கென்றே உள்ள இடத்தில், இல்லாத வடிவத்தை இருப்பதாகக் காட்டுவது எப்படிச் சரியாகும்? இது செய்ய முடியாத வேலையும் அன்று. எந்தெந்தக் குறிக்கு வடிவம் இருக்கிறது என்ற அட்டவணை ஒவ்வோர் எழுத்துருக் கோப்புக்குள்ளும் இருக்கிறது. எந்தெந்த எழுத்துமுறைகளைத் தாங்குகிறேன் என்று எழுத்துரு தானே அறிவிப்பதற்கும் அதே கோப்பில் இடம் உண்டு. அதில் தமிழுக்கென்று தனி அடையாளம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையை விவரப் பட்டியலாகப் பார்த்தால், ஓர் எழுத்துரு எந்த எழுத்துமுறைக்காக வடிவமைக்கப்பட்டது என்ற நெடுவரிசையே அங்கு இருக்கும். இயங்குதளம் காட்டுகிற தகவலை, எழுத்துருக்களுக்காகவே வாழும் மென்பொருள் காட்டாமல் இருப்பதற்கு, ஆங்கிலம் தவிர்ந்த மொழிகளில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இலவசமாகத் தருபவர்களிடம் கடுமையாகப் பேசக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். ஆயினும் கட்டணம் பெறும் வேறொரு மென்பொருளின் சோதனைப் பதிப்பிலும் இதே கடன் முகத்தைக் கண்ட பிறகு, பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது.

நான் கையாளும் வழி இது. முன்னோட்டப் பெட்டியில் ஆங்கிலச் சிறிய எம்மையும் யூனிகோடு 'அ'வையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன். முதல் எழுத்து 'அ' என்று தமிழில் தெரிந்தால் அது பாமினி வகை. முதல் எழுத்து ஆங்கிலமாகவும் இரண்டாவது நிர்மலாவின் 'அ'வாகவும் இருந்தால் அது திஸ்கி, டாப் போன்ற ஒன்று, அல்லது தமிழே இல்லாத எழுத்துரு. இரண்டாவது 'அ' தனக்கென்று ஒரு வடிவத்தோடு வந்தால் மட்டுமே அது யூனிகோடு. இதற்கு நிர்மலாவின் 'அ'வை மனத்தில் பதியவைத்துக்கொள்வது அவசியம். சில நாள் பழக்கத்தில் அது வந்துவிடும். யூனிகோடு என்று உறுதியானவற்றை மட்டும் தனியே எடுத்து, 'ஸ்ரீ', 'க்ஷ', 'கொ', 'ஞூ' ஆகியவற்றைத் தட்டிப் பார்க்கிறேன். இவை ஒழுங்காக வந்தால் மற்றவையும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

இப்படிப் பிரித்தறிந்ததை மென்பொருளுக்குள் குறிச்சொல்லாகப் பதிவதைவிட, வன்தட்டில் குறியாக்கத்துக்கு ஒரு கோப்புறை என்று பிரித்து வைப்பதையே பரிந்துரைப்பேன். குறிச்சொற்கள் மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை. கணினி மாறும்போது அவை கூடவே வரும் என்று நம்புவதற்கில்லை. கோப்புறை எங்கே போனாலும் கூட வரும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2018-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு முதல், எழுத்துருவை ஒரு பயனருக்கு மட்டுமாக நிறுவ முடிகிறது. அப்படி நிறுவப்பட்டவை விண்டோஸின் பொதுக் கோப்புறையில் இல்லாமல் பயனருக்குரிய வேறோர் இடத்தில் இருக்கும். இரட்டைப் பதிவுகளைத் தேடும்போது இரண்டு இடங்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

மற்ற தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபான்ட் புக் கணினியோடே வருகிறது. லினக்ஸில் ஃபான்ட் மேனேஜர் உண்டு. விண்டோஸில் நெக்ஸஸ்ஃபான்ட், ஃபான்ட்பேஸ், மெயின்டைப் ஆகியவற்றின் பெயர்கள் அடிக்கடி அடிபடும். கூகுள் எழுத்துருக்களை மிகுதியாகப் பயன்படுத்துபவர்களுக்கு, அவற்றைத் தன் பட்டியலுக்குள்ளேயே கொண்டுவரும் ஃபான்ட்பேஸ் வசதியானது. கேடமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை போன்ற யூனிகோடு தமிழ் எழுத்துருக்கள் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. எழுத்துருவுக்குள் என்னென்ன எழுத்துகள் இருக்கின்றன என்று கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு மெயின்டைப்பின் எழுத்து அட்டவணை உதவும். எதை எடுத்தாலும் முதல் வேலையாக, தமிழே இல்லாத ஓர் ஆங்கில எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டத்தில் 'அ' தட்டிப் பாருங்கள். கட்டமோ வெற்றிடமோ தெரிந்தால் அந்த மென்பொருளைத் துணிந்து வைத்துக்கொள்ளலாம்.

நண்பருக்கான என் பதில்: நான் இவ்வளவு புகழ்ந்த மென்பொருளை நீங்கள் இப்போது நிறுவ வேண்டாம். உங்கள் வன்தட்டில் இருப்பவை பெரும்பாலும் பழைய குறியாக்க எழுத்துருக்கள். அவற்றின் மேல் அது பொய் முகத்தைத்தான் போர்த்திக் காட்டும். அவற்றுள் டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக் கோப்புகள் இருந்தால் அடுக்கவே முயல வேண்டாம். அடோபி தன் மென்பொருள்களில் அந்த வகைக்கான ஆதரவை 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பழைய கோப்புகளைத் திறப்பதற்காக அவற்றைத் தனியே காப்பில் வைத்தால் போதும். மற்றவற்றைக் குறியாக்கத்துக்கு ஒரு கோப்புறையாகப் பிரித்து, ஒவ்வொரு பழைய எழுத்துருவுக்கும் அதன் குறியாக்கத்திலேயே தட்டிய ஒரு வரியைத் தாளில் அச்சிட்டுக் கோப்பாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு கோப்புறை ஓரளவு நிறைந்த பிறகு, அதை மட்டும் தொகுப்பு மென்பொருளுக்குக் காட்டுங்கள். பாமினி, திஸ்கி, டாப் கோப்புறைகளை அதன் கண்ணில் பட விட வேண்டாம். அவற்றுள் ஏதேனும் தேவைப்படும் அன்று, அந்த ஒன்றை மட்டும் கையால் நிறுவிக்கொண்டு, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.