துடைத்துத் தருகிற கத்திக் கடை, நெல்லை டவுன்

ரத வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது கடை. இங்கே விற்கும் சரக்கு பெரிய அதிசயமெல்லாம் இல்லை, லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த அதே இரும்புதான், சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் கிடைக்கும். ஆனால் மற்ற இடங்களில் கிரீஸை அப்பிப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள், வீட்டில் வந்து துடைத்த பிறகுதான் அடியில் துரு பூத்திருப்பது தெரியும். எனக்கு அப்படி ஒரு அரிவாள்மனை வாய்த்தது, கடை பெயர் வேண்டாம்.

இங்கே அண்ணாச்சி எண்ணெயைத் துடைத்து வெறும் அலகைக் காட்டித்தான் விலையே சொல்கிறார். நாம் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தாலும் உடனே காடாத்துணியால் ஒரு துடை. கேட்டால், "வேர்வை உப்பு ஒட்டிக்கிடும்லா, நாளைக்குப் பாத்தா உங்க விரல் பட்ட இடத்துலதான் துரு நிக்கும்" என்கிறார். சரிதான். ஸ்டெயின்லெஸ் என்றால் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், காப்பாற்றிவிடும். பட்டை இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம்.

நான் அசந்து பார்த்தது, பூணை, அதாவது பிடியின் வாயில் போட்டிருக்கும் வளையத்தை, அவர் துடைக்கும் விதத்தை. அலகு பிடிக்குள் இறங்கும் அந்த இடுக்கில்தான் தண்ணீர் தேங்கி உள்ளே அரிக்கும், வெளியே தெரியாது. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி அங்கேயும் விட்டுத் துடைக்கிறார். சாணை பிடித்த கத்தியை வெயிலில் காயவைத்த பிறகுதான் எண்ணெய் தொடுகிறார், ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் அல்லவா.

குறையும் உண்டு. சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் என்பது நல்ல விஷயம், ஆனால் பின்வரிசையில் நாள்பட்டுக் கிடப்பதில் எண்ணெய் பிசினாகி, தூசியும் சேர்ந்து, சோப்பு போட்டு வெந்நீரில் கழுவினால்தான் போகிறது. முன்வரிசையில் கேட்டு வாங்குங்கள். விலையும் கொஞ்சம் கூடுதல், பேரம் பேசினால் மனுஷன் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அப்புறம், அரிவாள் வாங்கப் போனால் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதிக்கொள்வார், கோபப்படாதீர்கள். 2021 செப்டம்பரில் போலீஸ் ரவுடிகளின் ஆயுதங்களைப் பறிக்க 'ஆபரேஷன் டிஸ்ஆர்ம்' நடத்தியபோது பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் சொன்ன முறை அது, அவர் இன்னும் விடாமல் செய்கிறார்.

மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் அலகு கறுக்கும். அது துரு இல்லை, கம்பி நார் போட்டுத் தேய்க்காமல் கழுவித் துடைத்து வைத்தால் போதும். பக்ரீத் நெருக்கத்தில் மட்டும் போகாதீர்கள், மேலப்பாளையத்துக் கறிக்கடைக்காரர்கள் சாணைக்கு வரிசையில் நிற்பார்கள், அன்றைக்கு இந்தத் துடைப்பெல்லாம் கிடையாது.