பழைய காரின் போகாத நாற்றம்: சில மழைக்காலங்கள் பார்த்த பிறகு

வண்டி 2011 மாடல், சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, சில மழைக்காலங்கள் ஓட்டியாகிவிட்டது. இஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படுத்தியதெல்லாம் உள்ளே அடித்த நாற்றம்தான். அதற்காக என்னென்ன செய்தோம், அதில் எது இன்றுவரை நிற்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வண்டியில் இருந்தது ஒரு நாற்றம் அல்ல, மூன்று. ஏ.சி. போட்டவுடன் ஈரச் சாக்ஸ் மாதிரி ஒன்று வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மழை பெய்த மறுநாள் கதவைத் திறந்தால் பூசண வாடை. வெயிலில் நிறுத்தி எடுத்தால் பழைய சிகரெட் வாடை. முந்தைய சொந்தக்காரர் விட்டுப்போன சீதனம். மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தன, வைத்தியமும் வெவ்வேறு. டேஷ்போர்டில் ஒட்டும் வாசனை ஜெல் அந்த மூன்றின் மேலும் எலுமிச்சையைப் பூசும், அவ்வளவுதான். மல்லிகை வாசனை டப்பா வைத்திருந்தபோது அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து, "இதுக்கு அந்த நாத்தமே தேவலைடா" என்றார். என் தீர்ப்பும் அதேதான்.

ஏ.சி. நாற்றத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்று குளிரும்போது நீர் கோத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்திய பிறகும் அந்த ஈரம் அப்படியே இருக்கும். இருட்டு, ஈரம், கூடவே தூசி: பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை இழுத்தபோது கறுப்பாக வந்தது, மடிப்புகளில் காய்ந்த இலைத் துணுக்குகள். புது ஃபில்டர் சில நூறு ரூபாய், ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், கையாலேயே மாட்டிவிடலாம். காயிலுக்கு அடிக்கும் ஃபோம் ஸ்ப்ரேயும் நன்றாக வேலை செய்தது. ஆனால் நாற்றம் திரும்பாமல் வைத்திருப்பது ஒரு சின்னப் பழக்கம்: வீடு நெருங்கும்போது ஏ.சி.யை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றி, ப்ளோயரை ஓட விடுவது. காயில் காய்ந்துவிடும். சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற நேரமே இதற்குப் போதும்.

பூசண வாடைதான் உயிரை வாங்கியது. சமையல் சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, வாக்வம் போட்டோம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. அடுத்த மழையில் பழையபடி ஆகிவிட்டது. ஒரு கடையில் 'டீப் கிளீனிங்' என்று கொடுத்தோம். சீட், தரை எல்லாவற்றையும் ஷாம்பு போட்டு நனைத்து, அன்று மாலையே வாசனை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சீட் ஸ்பஞ்சுக்குள் இருந்த தண்ணீர் எங்கே போகும்? சில நாளில் நாற்றம் இரட்டிப்பானது. நனைத்துக் கழுவி, காயவைக்க நேரம் எடுக்காத எந்தச் சர்வீஸுக்கும் என்னிடம் மதிப்பெண் கிடையாது.

வழி காட்டியது அல்சூரில் உள்ள ஏ.சி. மெக்கானிக். மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை, முன் இடது பக்கம் காலடியில் போடும் மேட்டைத் தூக்கி, அடியில் கையை வைத்து அழுத்தினார். "சார், நாத்தம் மேல இல்ல, கீழ இருக்கு. பாருங்க." கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்துதான் இருந்தது. அதற்கு அடியில் சத்தம் கேட்காமலிருக்க வைத்திருக்கும் தடித்த ஃபெல்ட்டில் அவர் விரல் பதிந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஊறி நின்றது. காயில் தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாய் அடைத்துக்கொண்டதால், ரோட்டில் சொட்ட வேண்டியது உள்ளே வழிந்திருக்கிறது. அடியிலிருந்து மெல்லிய கம்பியை மெதுவாக விட்டதும் சேறும் தண்ணீருமாகக் கொட்டியது. ஏ.சி. ஓடும்போது உங்கள் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் நல்லது, புழுக்கமான நாளில்கூடச் சொட்டவில்லையென்றால் முன் இடது பக்கத் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கசிவு வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டியில். இந்த ஊரில் மரத்தடி நிழலில் நிறுத்தாத கார் ஏது? குல்மொஹர் பூவும் இலையும் அதற்குள் விழுந்து மக்கி, மழைநீர் வடியும் ஓட்டையை மூடியிருந்தன.

அப்புறம் காயவைக்கும் வேலை. முன் சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டை மடக்கி, ஃபெல்ட்டை வெளியே எடுத்து மாடியில் போட்டோம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் சாக்கெட் இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டுடையது. மெக்கானிக்கை வைத்து, பாட்டரியைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். நல்ல வேளை, இதைச் செய்தது பிப்ரவரியில். பெங்களூரில் மழையும் ஈரமும் குறைவான நாட்கள் அவை. செப்டம்பரில் தொடங்கியிருந்தால் ஃபெல்ட் காய்ந்தே இருக்காது. தரைத் தகட்டைத் துடைத்து, டேபிள் ஃபேன் வைத்து உலர்த்தி, துருப் பிடித்த இடத்தில் பெயிண்ட் அடித்தோம். பூசண வாடை அதோடு போனது. நடுவில் ஒரு முறை லேசாகத் தலைகாட்டியது. பின்கதவு ரப்பர் பீடிங் கிழிந்து டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பீடிங் மாற்றியதும் சரியாகிவிட்டது.

சிகரெட் வாடையில் எனக்கு அரை வெற்றிதான். முன்கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி மஞ்சளாகும். அதே பிசின்தான் கூரைத் துணியிலும் ஏறியிருக்கிறது. கூரையை நனைத்துக் கழுவக் கூடாது, பசை விட்டுத் துணி தொங்கிவிடும். நுரையால் லேசாக ஒற்றி எடுக்கலாம். ஓசோன் வாயு விடும் மெஷின் வைத்ததில் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், அளவு மீறினால் ரப்பரிலும் வெடிப்பு விழும். மெஷின் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். ஈரம் இருக்கும் வண்டிக்கு அது வீண் செலவு. ஏப்ரல் வெயிலில் இன்றும் லேசாக அந்தப் புகை வாடை வரும். பழகிவிட்டது.

சீட்டுக்கு அடியில் இப்போது இருப்பது கரிப் பை ஒன்றுதான். பெரிய நாற்றத்தை அது போக்காது. சிவாஜிநகரில் மீன் வாங்கி வந்த நாளுக்கு உதவும். இட்லி மாவு, பால் சிந்தினால் மட்டும் அன்றே கவனியுங்கள். அது ஸ்பஞ்சுக்குள் இறங்கிப் புளித்துவிட்டால் சோடாவும் கரியும் கைவிரிக்கும், என்ஸைம் கிளீனர்தான் வேண்டும்.

மறைக்கவே கூடாத நாற்றமும் உண்டு. பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இனிப்பான வாடையோடு கண்ணாடியில் பிசுக்கும் படிந்தால் ஹீட்டரில் கூலன்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கசிகிறது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியைத் தடவுங்கள், முன் மேட்டுக்கு அடியில் அழுத்திப் பாருங்கள். புது வாசனை டப்பா தொங்கினால் அதைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து கதவைத் திறங்கள்.