யூபி40: அண்ணன் கடையா, தம்பி கடையா?

மதுரையில் ஜிகர்தண்டா தேடி அலைந்தவருக்கு இது பழகிய தலைவலி: நாலு கடைப் பலகையிலும் 'ஒரிஜினல்' என்றே எழுதியிருக்கும். ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையை வாசிக்கும், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மூத்த குழுவான யூபி40-இன் கதையும் அதுதான். 1978இல் தொடங்கிய குழு. வேலையில்லாதோர் உதவித்தொகைப் படிவத்தின் எண்ணையே பெயராக வைத்துக்கொண்டது. 2008இல் பாடகர் அலி கேம்பெல் வெளியேறினார். இப்போது அந்தப் பெயரில் ஒரு கடை அண்ணன் ராபினிடம். தன் பெயரையும் ஒட்டிக்கொண்டு இன்னொன்று தம்பி அலியிடம். சென்னைக்கோ கொச்சிக்கோ இரண்டில் ஒன்று என்றாவது வந்தால் எதற்கு டிக்கெட் எடுப்பது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

மாமா மகன் தம்பி கட்சி. "குரலை விட்டுவிட்டு என்ன கச்சேரி, மாப்பிள்ளை?" என்கிறார். மறுக்க முடியாது. மூக்கோடு லேசாக உரசி வரும் அந்தக் குரல் ஒருவருக்குத்தான் வாய்த்தது. நீல் டயமண்டின் பழைய பாடலொன்றை ரெகேயாக்கி 1983இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தார்கள். அதே பாடல் ஐந்தாண்டு கழித்து அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு ஏறியது. டவுன்ஹால் ரோட்டில் கேசட்டில் பதிந்து வாங்கிய காலத்தில் எனக்கும் அந்தக் குரல்தான் குழு.

ஆனாலும் இன்று நான் அண்ணன் கட்சி. டிரம்மர் ஜிம்மி பிரவுன், பேஸ் கிட்டார் ஏர்ல் ஃபால்கனர், தாளவாத்தியம் நார்மன் ஹாசன் மூவரும் ராபின் பக்கமே நின்றார்கள். ரெகேக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. நாலு எண்ணிப் பாருங்கள். ஒன்றில் அடியே கிடையாது. மூன்றில்தான் டிரம் முழு எடையோடு இறங்கும். இரண்டிலும் நான்கிலும் கிட்டார் 'சக்' என்று வெட்டிவிட்டு நகரும். 'ஒன் டிராப்' என்பார்கள். தாளத்தின் முதல் அடியான சமத்தைத் தாண்டிப் பாட்டை எடுக்கும் அனாகத எடுப்பு கர்நாடக இசையில் பழகியவருக்கு இந்த வெற்றிடம் அச்சமூட்டாது என்று நினைத்தேன். செல்லூரில் எங்கள் சந்தில் தறி ஓடிக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பார்த்தேன். பத்துக்கு எட்டு முறை கை ஒன்றிலேயே போய் விழுந்தது. அடிக்காமல் இருப்பதுதான் கடினம். நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்தே அடிக்காமல் இருந்து பழகியவர்களை வேறு ஆள் வைத்து நிரப்புவது எளிதா?

பதிவில் குரல் அப்படியே கிடைக்கிறது. நேரில் மட்டுமே கிடைப்பது பேஸ் என்கிற அந்தக் கனத்த அடியொலி. செல்பேசியில் அதில் பாதி காணாமல் போய்விடும். திருவிழாவில் நையாண்டி மேளத்தின் தவிலுக்கு எதிரே நின்றால் நெஞ்சுக்கூடு அதிருமே, அதுபோல வயிற்றில் வாங்க வேண்டிய இசை இது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்து வளர்ந்தது; நம் ஊர் மைக் செட்டுக்காரர்களுக்கு உடனே புரியும்.

அண்ணன் கடையில் குறை இல்லாமல் இல்லை. அலிக்குப் பிறகு பாடிய இன்னொரு சகோதரர் டங்கன் உடல்நலம் கெட்டு 2021இல் விலகினார். இப்போது பாடுபவர் மேட் டாயில், புதுக்குரல். சாக்ஸஃபோன் வாசித்த பிரையன் டிராவர்ஸ் அதே ஆண்டு காலமானார். தம்பி பக்கமும் அந்த ஆண்டிலேயே பழைய குழுவின் இன்னொரு பாடகரான ஆஸ்ட்ரோவை இழந்தது. எந்தப் பக்கம் போனாலும் பழைய முழுக்குழு கிடைக்காது.

டிக்கெட் எடுத்தால் மேடையை ஒட்டி நிற்க வேண்டாம். ஒலி கலப்பவரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் காதுக்குச் சரியாக இருப்பது உங்கள் காதுக்கும் சரியாக இருக்கும்.

ஊரைப் பொறுத்தவரை எனக்குக் கொச்சிதான். சென்னையில் கடைசிப் பாட்டுக்கு முன்பே பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரை விட்டுக் கிளம்பிவிடும். மதுரைக்கு வரும் அமிர்தா எக்ஸ்பிரஸ் எர்ணாகுளத்துக்கு வர நள்ளிரவாகும். ரசிகர்கள் "இன்னொரு பாட்டு" என்று கத்தும்போது நாமும் சேர்ந்து கத்தலாம்.