1968 ஏ.எம்.எக்ஸ்: பல வருடம் ஓட்டிவிட்டு விற்கப் போகிறேன்

பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் சொல்வது கார்வெட். 1968இல் அதற்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு இரண்டு இருக்கை வண்டியும் வந்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியின் ஏ.எம்.எக்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிவந்த பிறகு அதில் ஒன்றை வாங்கினேன். 390 கன அங்குல எஞ்சின், நான்கு கியர் மேனுவல், உடம்பில் பெரும்பாலும் ஃபேக்டரியில் அடித்த பெயிண்ட். பல வருடம் ஓட்டியாகிவிட்டது, இப்போது விற்கப் போகிறேன். விற்பனை விளம்பரத்தில் இடம் போதாதவற்றை இங்கே எழுதுகிறேன். எனக்கு மட்டுமல்ல, எங்கேயாவது ஒரு ஏ.எம்.எக்ஸைப் பார்த்து மனசு அலைபாய்கிறவருக்கும் பயன்படும்.

1954இல் நாஷ்-கெல்வினேட்டர், ஹட்சன் என்ற இரண்டு கார் கம்பெனிகள் இணைந்து உருவானது அமெரிக்கன் மோட்டார்ஸ். ஆமாம், ஃபிரிட்ஜ் கெல்வினேட்டரேதான். அந்த ஃபிரிட்ஜ் பிரிவை அவர்கள் விற்றதும் இதே 1968இல். ராம்ப்ளர் போன்ற சிக்கனக் குடும்பக் கார்களுக்குப் பேர்போனவர்கள் திடீரென்று ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். தங்களுடைய ஜாவெலின் காரையே 12 அங்குலம் குறுக்கி, பின்சீட்டை எடுத்துவிட்டார்கள். வடிவமைப்புக்குத் தலைமை டிக் டீக். பாடி மில்வாக்கியில் தயாராகி, கெனோஷாவுக்குப் போய் முழு வண்டியாக வெளிவரும். விற்பனைக்கு வருமுன்பே வேகச் சாதனைகளுக்குப் பேர்போன கிரெய்க் பிரீட்லவும் அவர் மனைவி லீயும் டெக்சாஸ் டெஸ்ட் டிராக்கில் ஓட்டி 106 சாதனைகள் படைத்தார்கள். அடிப்படை விலை 3,245 டாலர், கார்வெட்டை விட சுமார் ஆயிரம் டாலர் குறைவு. அப்படியும் முதல் வருடம் செய்தது 6,725 தான். அதே வருடம் கார்வெட் 28,566. 1970 வரை மூன்று வருடமும் கூட்டினால் ஏ.எம்.எக்ஸ் மொத்தம் 19,134.

ஓட்டுவதற்கு எப்படி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 6.4 லிட்டர் வி8, 315 குதிரைத்திறன். ஆனால் அந்தக் குதிரைத்திறனை விட 425 பவுண்ட்-அடி டார்க், அதாவது முறுக்கு விசைதான் சாலையில் தெரிகிறது. மூன்றாவது கியரிலேயே ஊருக்குள் சுற்றலாம், வண்டி முனகாது. வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 97 அங்குலம்தான் என்பதால் வளைவில் சட்டென்று திரும்பும். ஈரச் சாலையில் அதே குணம் பயமுறுத்தும், பின்பக்கம் இலேசு. பவர் ஸ்டியரிங் இல்லாததால் பார்க்கிங்கில் தோள் வலிக்கும். பின்பக்கக் கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண்கள் அகலமாக இருப்பதால் லேன் மாறும்போது கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கோடையில் எஞ்சின் சூடு காலடிக்கு வரும். கம்ப்ரெஷன் 10.2:1, அதனால் பிரீமியம் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். எத்தனால் கலக்காதது விஸ்கான்சினில் பல பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் கார்ட்டர் கார்பரேட்டருக்கும் அதுதான் நல்லது. மைலேஜ் பற்றிக் கேட்காதீர்கள்.

சரி, பராமரிப்புக்கு வருகிறேன். முதலில் எஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கும் அலுமினிய டைமிங் கவர். அது வெறும் மூடி இல்லை. ஆயில் பம்பின் பல்சக்கரங்கள் சுழலும் அறை அதற்குள்ளேயேதான் இருக்கிறது, வாட்டர் பம்பும் அதன்மேல்தான் மாட்டியிருக்கிறது. கூலன்ட் மாற்றாமல் விட்டால் அலுமினியம் உள்ளிருந்து அரிக்கும். பம்ப் அறை தேய்ந்தால் ஆயில் பிரஷர் இறங்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, பிரஷர் சரிந்தால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள்.

அடுத்து பின் ஆக்ஸில். சக்கர ஹப்பு கூம்பு வடிவ ஆக்ஸில் முனையில் அழுத்தி உட்கார்ந்திருக்கும். புது ஹப்பைப் போட்டு நட்டை முறுக்கும்போது ஆக்ஸிலில் உள்ள பற்களே ஹப்புக்குள் தங்களுக்கான பள்ளத்தை வெட்டிக்கொள்ளும். அதனால் ஒருமுறை கழற்றிய ஹப்பை வேறொரு ஆக்ஸிலில் போடக் கூடாது. இது தெரியாத மெக்கானிக்கிடம் கொடுத்தால் சக்கரம் தனியாகச் சுழலும், ஆக்ஸில் தனியாகச் சுழலும். அப்புறம் முன் சஸ்பென்ஷனின் மேல்பக்க ட்ரனியன் என்ற சுழல் இணைப்பு. அடிக்கடி கிரீஸ் கேட்கும், கொடுக்காவிட்டால் கட்டில் கிரீச்சிடுவது போல ஒரு சத்தம் வரும். 1970 மாடலில் பால் ஜாயின்ட் போட்டு இதைத் தீர்த்துவிட்டார்கள். முன் டிஸ்க் பிரேக்குகளில் நான்கு பிஸ்டன் பென்டிக்ஸ் கேலிப்பர்கள். சும்மா நின்றால் சீல் கசியும், ஓட்டிக்கொண்டே இருந்தால் பிரச்சினை குறைவு.

இவையெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் தீரும். எஞ்சின் பாகங்கள் ஓரளவு கிடைக்கின்றன. கிடைக்காதது கிரில், விளக்கு வளையம், குரோம் பட்டை, டேஷ் பிளாஸ்டிக் மாதிரி இந்த வண்டிக்கென்றே செய்த பாகங்கள். 1987இல் கிரைஸ்லர் இந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனியையே வாங்கியது ஜீப்புக்காகத்தான், ஏ.எம்.எக்ஸ் கிரில்லுக்காக அல்ல. கார்வெட்டுக்குத் திருகாணி வரை புதிதாக அச்செடுத்து விற்கிறார்கள். ஏ.எம்.எக்ஸ் ஆட்கள் ஸ்வாப் மீட் என்ற பழைய பாகச் சந்தைகளில் தரையைத் துழாவிக்கொண்டு திரிவார்கள். என் கருத்து இதுதான்: ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் எல்லாப் பாகமும் இருக்கிற வண்டி, பளபளவென்று ஓடினாலும் நாலு பாகம் தொலைந்த வண்டியை விட மதிப்பானது.

விற்பவர்கள் சொல்லும் சில கதைகளையும் சொல்லிவிடுகிறேன். "நம்பர் மேட்சிங்", அதாவது எண்களை ஒப்பிட்டால் ஃபேக்டரியில் வந்த அதே எஞ்சின் என்று தெரியும் எனச் சொல்லி ஒருவர் ஏ.எம்.எக்ஸை விற்றால் சிரித்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் போல இந்தக் கம்பெனி வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) எஞ்சின் பிளாக்கில் அடித்ததில்லை. பார்க்கக்கூடியது மூன்று: வின் எண்ணில் ஏழாவது இடத்தில் 390க்கான எக்ஸ் எழுத்து, பிளாக்கின் பக்கவாட்டில் வார்த்திருக்கும் 390, வால்வ் கவரில் ரிவெட் செய்த தேதித் தகடு. வால்வ் கவரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் மூன்றாவதுக்குப் பாதி மார்க்தான். டேஷ்போர்டில் இருக்கும் வரிசை எண் தகடு அழகுக்கு. வின் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான், லட்சம் மைல் தாண்டினால் மறுபடி பூஜ்யம். என் வண்டியிலும் அப்படித்தான், குறைந்த மைல் என்று நான் எழுதப்போவதில்லை.

துரு விஷயத்தில் விஸ்கான்சின் மோசமான ஊர், குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு. இது தனி சேசிஸ் இல்லாத வண்டி, பாடியும் அடித்தளமும் ஒன்றே. தரைத் தகடு, டிக்கியின் ஓரங்கள், முன்பக்க நீளச் சட்டங்கள் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் வண்டியின் கதவோரத்தில் பெயிண்ட் மெலிந்து அடிப்பூச்சு தெரிகிறது, பின் ஃபெண்டரில் சிறு கொப்புளங்கள். முழுசாக அடித்துவிடச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தார்கள். நான் தொடவில்லை. நல்ல பெயிண்டரால் எந்த வண்டியையும் புதுசாக்க முடியும். 1968இல் அடித்த பெயிண்டை மறுபடி அடிக்க ஆளில்லை. உடனே ரீஸ்டோர் செய்யும் எண்ணத்தோடு வருகிறவர் ஏற்கெனவே பெயிண்ட் அடித்த வண்டியாகத் தேடினால் அவருக்கும் செலவு மிச்சம்.

இன்ஷூரன்ஸ் பழைய கார்களுக்கான பாலிசியில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி பாலிசியில் எழுதிக்கொள்ளலாம். வண்டியோடு ஒரு ஜோடி புது ஹப்பு, கேலிப்பர் சீல்கள், நான் சேர்த்த பில்கள் எல்லாம் வரும். ஓட்டிப் பார்க்க எந்த வார இறுதியிலும் வரலாம், மழை நாளும் ஜனவரியும் தவிர. வண்டியில் இருப்பது விஸ்கான்சின் கலெக்டர் பிளேட் (பழைய கார் சேகரிப்பவர்களுக்கான நம்பர் பிளேட்), அதை மாட்டிக்கொண்டு ஜனவரியில் சாலையில் இறங்க சட்டமே விடாது.