'கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சி' என்று 17,999 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள் – பி.எஸ்சி. படிக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பயிற்சி தந்த மையத்துக்காரர்கள் நேற்று இரவு 9 மணிக்கு என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டார்கள். இன்று காலை அப்பா போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கட் செய்தார்கள். பத்து நிமிடத்தில் அந்த நம்பரும் ப்ளாக். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுவதால் முன்பின்னாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். எங்கள் பாடத்திட்டப்படி இந்தக் கோடை லீவில் ஒரு இன்டர்ன்ஷிப் செய்து, ஐந்தாம் செமஸ்டரில் ரிப்போர்ட் வைக்க வேண்டும். அதற்கு 2 கிரெடிட். எங்கே போவது என்று கேட்டால் "நீங்களே பார்த்துக்குங்க" என்பார்கள். மார்ச் பிறந்ததும் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் போஸ்டராக வந்து விழும். அப்படி வந்ததில் ஒன்றுதான் இது. சென்னையில் ஒரு தனியார் பயோடெக் பயிற்சி மையம். பெயர் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று எங்கள் தெரு வக்கீல் அண்ணன் சொல்லியிருக்கிறார்.

போஸ்டரில் 15 நாள் நேரடிப் பயிற்சி, பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்குவது), ஜெல் எலக்ட்ரோஃபோரசிஸ் (டிஎன்ஏ துண்டுகளை ஒரு ஜெல்லில் ஓட்டி அளவுவாரியாகப் பிரிப்பது), செல் கல்ச்சர், கடைசியில் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி ப்ராஜெக்ட் என்று போட்டிருந்தது. கீழே வரிசையாக முத்திரைகள். எம்எஸ்எம்இ (சிறு, குறு தொழில் பதிவு), ஐஎஸ்ஓ, இரண்டு மத்திய அரசுத் துறைகளின் சின்னம். "கடைசி 3 இடங்கள்" என்று சிவப்பில். எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு ஜெல் டேங்க்தான், 58 பேருக்கு. அதை ஆசிரியர் செய்வார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். பின்னால் நிற்பவளுக்கு முன்னால் இருப்பவளின் பின்னல்தான் தெரியும். நம் கையால் ஒரு ஜெல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு முதலாண்டிலிருந்தே இருக்கிற ஆசை. அந்த ஆசையைத்தான் சரியாகப் பிடித்தார்கள்.

முதலில் 'தேர்வுக் கட்டணம்' 999 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். அப்புறம் வீடியோ காலில் இன்டர்வியூ. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர், பின்னால் கண்ணாடி அலமாரி, அதில் பாட்டில்கள். பெயரைக் கேட்டார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். தறி ஓட்டுகிறார் என்றேன். பிறகு, "பிசிஆர்ல அனீலிங் டெம்பரேச்சர் ஏம்மா முக்கியம்?" என்றார். வெப்பம் ரொம்பக் குறைந்தால் ப்ரைமர் (எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், ரொம்பக் கூடினால் எங்குமே ஒட்டாது, அதனால் அந்த நடு வெப்பநிலையைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "இன்னைக்குக் காலையிலிருந்து பதினாலு பேரைப் பார்த்தேன்மா. இவ்வளவு தெளிவா ஒருத்தரும் சொல்லல. நீங்க ரிசர்ச் பக்கம் வரவேண்டிய ஆளு."

எங்கள் வீட்டில் ரிசர்ச் என்ற வார்த்தையை முதன்முதலில் பேசியதே நான்தான். வெளி ஆள் ஒருவர், அதுவும் டாக்டர் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டவர், அப்படிச் சொன்னதும் நான் அழுதுவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அந்த நிமிடத்தில்தான் நான் நம்பினேன். சின்னத்தையோ முத்திரையையோ பார்த்து இல்லை, அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு. இப்போது தெரிகிறது, என்னோடு வந்த முக்கால்வாசிப் பேரிடமும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறார். பதினாலு பேர் என்ற எண்ணிக்கை உட்பட.

மறுநாள் ஆஃபர் லெட்டர் வந்தது. பயிற்சிக் கட்டணம் 12,500, தங்குமிடம் 4,500. இரண்டு நாளுக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாப்பா, இது கவர்மென்ட்டா?" நான் ஆஃபர் லெட்டரில் இருந்த சின்னத்தைக் காட்டி, "ஆமாப்பா, அங்கீகாரம் இருக்கு" என்றேன். அம்மா மகளிர் குழுவில் லோன் போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷம், வாரம் 450 ரூபாய் கட்ட வேண்டும். ஆக மொத்தம் 999, 12,500, 4,500. 17,999 ரூபாய். ஜிபேயில் போனது ஒரு நிறுவனத்தின் பெயருக்கு இல்லை, ஒரு தனிநபர் பெயருக்கு. "அக்கவுண்ட்ஸ் மேடம் நம்பர்தான்மா, போடுங்க" என்றார்கள். போட்டேன்.

போய்ப் பார்த்தால் மெயின் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. இரண்டு அறை. ஒரு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ப்ரொஜெக்டர். இன்னொரு அறைதான் 'லேப்'. நாங்கள் 38 பேர். காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை பவர்பாயின்ட். மதியம் லேப் என்பார்கள், போனால் வரிசையில் நிற்க வைப்பார்கள். அங்கே இருந்தது மூன்றே மூன்று லேப் கோட். முன்னால் போனவர் கழற்றிக் கொடுத்ததை அடுத்தவர் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மைக்ரோபிப்பெட். சிறிய குழாயில் நீலச் சாயத் தண்ணீர். பிப்பெட்டின் தலையை முதல் தடை வரை அழுத்தி, நுனியைத் திரவத்தில் வைத்து, மெதுவாக விட்டு உறிஞ்ச வேண்டும் என்று எனக்குப் படித்துத் தெரியும். அதை நிதானமாகச் செய்து பார்க்கப் போனேன். "அதெல்லாம் வேணாம்மா, கையில பிடிங்க, இங்க பாருங்க, சிரிங்க" என்று போட்டோ எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பிசிஆர் மெஷின் இருந்தது. பிளக்கே மாட்டவில்லை. மூன்றாம் நாள் கேட்டேன், "சார், என்னைக்கு ரன் பண்ணுவோம்?" "ப்ரைமர் ஆர்டர் போட்டிருக்கு, வந்துடும்." எட்டாம் நாள் கேட்டேன். "கூரியர்ல இருக்கு." பன்னிரண்டாம் நாள் ஆளுக்கொரு தாளில் ஜெல் படம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். "இதுதான் உங்க ரிசல்ட், ரிப்போர்ட்ல ஒட்டிக்குங்க." 38 பேருக்கும் ஒரே படம். வலது மூலையில் பொடி எழுத்தில் தேதி இருந்தது, 2019. நான் பத்தாம் வகுப்புகூடப் போகாத வருஷம். ப்ராஜெக்ட் தலைப்பும் ஆறு பேருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார்கள், ரிப்போர்ட்டே டைப் செய்து தயாராக இருந்தது. நம் பெயரையும் கல்லூரிப் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். தங்குமிடம் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஒரு அறையில் எட்டுப் பெண்கள், ஒரு பாத்ரூம், மே மாதச் சென்னையில் ஒரே ஃபேன்.

ஊருக்கு வந்து எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியை ஒருவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் ஜெல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மார்க்கர் எந்த லேன்? உன் சாம்பிள் எந்த லேன்?" என்று கேட்டார். ஜெல் படத்தில் டிஎன்ஏ ஓடிய ஒவ்வொரு வரிசையும் ஒரு லேன், அளவு தெரிந்த டிஎன்ஏவை ஒப்பிட ஓட்டுவதுதான் மார்க்கர். எனக்குப் பதில் தெரியவில்லை. எவ்வளவு கட்டினாய் என்றார். 17,999 என்றேன். அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உண்மையான கோடைக்கால ஆராய்ச்சித் திட்டங்களில் மாணவரிடம் பணம் கேட்க மாட்டார்களாம், மாணவருக்குப் பணம் கொடுப்பார்களாம். பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி (1934-இல் சி.வி. ராமன் தொடங்கியது), டெல்லியில் இருக்கும் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, பிரயாக்ராஜில் இருக்கும் தேசிய அறிவியல் அகாடமி, இந்த மூன்றும் சேர்ந்து வருடா வருடம் மாணவர்களை எடுக்கின்றன. தேர்வானால் நாட்டில் எங்காவது ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை. மாத உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. கேட்பது மதிப்பெண், என்ன செய்ய ஆசைப்படுகிறோம் என்று ஒரு பத்தி, ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். அவ்வளவுதான். மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), பெங்களூர் ஜவஹர்லால் நேரு ஆய்வு மையம், சென்னை ஐஐடி எல்லாவற்றிலும் இதேபோல் கோடைத் திட்டங்கள் உண்டு. இயற்பியல், கணிதம் படிக்கிறவர்களுக்குத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, வானியல் பிடித்தவர்களுக்குக் கொடைக்கானலில் கோடைப் பள்ளி இருக்கிறது. அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசு கொடுத்த இன்ஸ்பயர் உதவித்தொகையில், ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 இந்தக் கோடை ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது.

ஆனால் இவற்றில் பலவற்றுக்கு விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். அகாடமி விண்ணப்பம் தீபாவளியை ஒட்டிய மாதங்களில். நாங்கள் அப்போது இன்டர்னல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தோம், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மார்ச், ஏப்ரலில் நாம் பதறிப்போய்த் தேடும்போது நல்ல கதவுகள் பலவும் சாத்தியிருக்கும். அகலத் திறந்திருப்பது இவர்கள் கடைதான். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல் நாள், "அக்கவுண்ட்ஸ் மேடம் லீவு." இரண்டாம் நாள், "மெயில் போடுங்கமா, போன்ல பேசி பிரயோஜனம் இல்ல." மெயில் போட்டேன். ஏழு வேலை நாளில் பதில் வரும் என்று தானாக ஒரு மெயில் வந்தது. ஏழு நாள் கழித்துக் கூப்பிட்டால், "டைரக்டர் சார் டெல்லி போயிருக்கார்." அடுத்த நாள் வேறொரு பெண் எடுத்தார். "நீங்கதான் 15 நாளும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, சர்ட்டிஃபிகேட்டும் வாங்கியாச்சு, இப்ப என்ன?" என்றார். மெஷினே ஓட்டவில்லையே மேடம் என்றேன். "ஃபார்ம்ல ரீஃபண்ட் கிடையாதுன்னு இருக்கு, படிக்கலையா?" கடைசியாக நேற்று இன்டர்வியூ எடுத்த அதே ஆள் பேசினார். நான் ரிசர்ச் பக்கம் வரவேண்டிய ஆள் என்று சொன்ன அதே குரல். "உங்க ஹெச்ஓடி நம்பர் எங்ககிட்ட இருக்கு. நீங்க பண்ணாத ப்ராஜெக்ட்டுக்கு ரிப்போர்ட் வெச்சிருக்கீங்கன்னு நான் பேசட்டுமா?" என்றார். அப்படியானால் எல்லாவற்றையும் வெளியில் எழுதுவேன் என்றேன். அதற்குப் பிறகுதான் ப்ளாக்.

17,999 ரூபாய். அம்மா இதுவரை மூன்று தவணை கட்டியிருக்கிறார்.

காவல் நிலையத்தில், பயிற்சி என்று ஏதோ நடந்திருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொன்னார்கள். 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, சென்னைக்கு அலைய வேண்டாம், நம் மாவட்டத்திலேயே போடலாம் என்றார் வக்கீல் அண்ணன். அவர் சொன்னபடி 1915-க்கும் (தேசிய நுகர்வோர் உதவி எண்) கூப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறேன். முழுக்க முழுக்கப் போலி, பணம் வாங்கியதும் ஆளே இல்லை என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கவனிக்க வேண்டியதை எழுதுகிறேன் என்றேன், இப்போது தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். சில அரசு ஆய்வகங்களில் பயிற்சிக்குக் கட்டணம் உண்டு, ஆனால் அது நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். எம்எஸ்எம்இ பதிவு என்பது ஆதாரை வைத்து இலவசமாகச் செய்துகொள்வது, பயிற்சி தரமானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. போன வருடம் போனவர்களின் நம்பரை நீங்களே தேடிப் பிடித்துக் கேளுங்கள், பயிற்சி மையம் கொடுக்கும் நம்பரை நம்பாதீர்கள். இன்டர்வியூவுக்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். செப்டம்பரிலிருந்தே தேட ஆரம்பியுங்கள். வேறு என்னென்னவோ எழுத நினைத்தேன், முடியவில்லை.

இன்று மதியம் என் தோழி ஒரு போஸ்டர் அனுப்பினாள். ஜூன் பேட்ச், "கடைசி 3 இடங்கள்." நடுவில் ஒரு பெண், வெள்ளைக் கோட், உள்ளே நீலத் துப்பட்டா, கையில் பிப்பெட், சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அது நான்தான். என்னைக் கேட்டுப் போடவில்லை. உங்கள் குழுவுக்கும் அந்தப் போஸ்டர் வரலாம். வந்தால், அந்தப் பெண் அன்று எதையும் செய்யவில்லை, அந்தக் குழாயில் இருந்தது சாயத் தண்ணீர் என்று உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.